படகில் மூன்று ஓட்டை

ஆற்றுக்குப் பாலம் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றாத காலத்தில், கேளுங்கள், செங்கோடன் என்று ஓர் ஓடக்காரன் இருந்தான். அவன் மனைவி பூவாயி.

செங்கோடனுக்குக் காரணமே இல்லாமல் நெஞ்சில் ஒரு பாரம். அதைத் தாங்காமல் கள் குடித்தான். குடித்தால் பகடை உருட்டினான். தோற்றால் பாரம் கூடியது. துடுப்பு பூவாயி கைக்கு வந்தது.

ஊரில் மூன்று வைத்தியர்கள். ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள்.

முதலாமவர் கள்ளை நிறுத்தினார். நாற்பது நாள் ஒரு சொட்டு இல்லை. நாற்பத்தோராம் நாள் பாரம் தாங்காமல் பகடைக்குப் போனான். "சூதுக்கு என்னிடம் மருந்தில்லை" என்றார் அவர்.

இரண்டாமவர் பகடையை ஆற்றில் எறியவைத்தார். இருபத்திரண்டு நாள் சும்மா இருந்த கை, கள்ளைத் தேடியது. "கள் என் பொறுப்பில்லை" என்றார்.

மூன்றாமவர் மனப்பாரத்துக்குத் தைலம் வைத்தார். பதினேழு நாள் நன்றாகத் தூங்கினான். பதினெட்டாம் நாள் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது, வரும் பௌர்ணமி ஆட்டத்துக்குப் படகையே பணயம் வைத்திருந்தான்.

பூவாயிக்கு அழவும் தெம்பில்லை.

அக்கரையில் தேர். மூன்று வைத்தியர்களும் படகேறி, மூன்று திசை பார்த்து உட்கார்ந்தார்கள். பழைய படகு; அடியில் மூன்று ஓட்டை, மூன்றிலும் துணி அடைத்திருந்தது. நடு ஆற்றில் பூவாயி குனிந்து மூன்று துணியையும் உருவினாள்.

"அடி பாவி! அடை, அடை!"

"அடைக்கிறேன் சாமி. இன்னைக்கு ஒண்ணு. நாப்பது நாள் கழிச்சு அடுத்தது."

"நாற்பது எண்ணுவதற்குள் மூழ்கிவிடுவோமே! மூன்றையும் சேர்த்து அடை!"

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சாமி மூழ்கிட்டிருக்காரு" என்று ஆளுக்கொரு துணியை நீட்டினாள்.

மூவரும் குனிந்து அடைத்தார்கள். தலைகள் முட்டிக்கொண்டன. அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பௌர்ணமியன்று மூவரும் செங்கோடன் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஆட்டத்துக்குப் போகவில்லை. படகு தப்பியது.

அதன் பிறகும் அவன் இரண்டு முறை சறுக்கினான். இரண்டு முறையும் மூவரும் சேர்ந்தே வந்தார்கள். மூன்றாம் வருஷம் துடுப்பைக் கேட்டு வாங்கினான். பூவாயி முதல்முறையாகப் படகில் சும்மா உட்கார்ந்தாள். அக்கரை வருமுன்னே தூங்கிப்போனாள்.

ஒன்றையொன்று வளர்க்கும் நோய்களைச் சேர்த்தே பார்த்தால்தான் மனிதன் கரையேறுவான்.