வாசலில் வழித்த சேறு

மனிதக் கால் படாத ஒரு பெருங்கடலில், தீவுகள் வில்லாக வளைந்து ஒரே வரிசையில் நின்ற காலம் அது. எல்லாம் எரிமலைத் தீவுகள். மூத்தவன் வெண்முடி, எந்நேரமும் தலையைச் சுற்றி மேகம் கட்டியிருப்பான். அடுத்தவன் இரட்டைக்கொம்பு. அவனுக்கு இரண்டு வாய். இரண்டாலும் புகைவிடுவான், இரண்டாலும் பெரியண்ணன் சொன்னதற்கு ஆமாம் போடுவான்.

வரிசையின் கடைசியில் நுரைமேடு. அவள் இன்னும் தீவாகவில்லை. தலை கடல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. அலைகள் அவள் உச்சியில் இடறி நுரைத்துப் போகும். அங்கே ஒருத்தி இருப்பது அதை வைத்துத்தான் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு கொதிப்பு வந்தால் அவள் வெளியே வந்துவிடுவாள். வராவிட்டால் அலை சும்மா விடாது, உச்சியைச் சீவிக்கொண்டே இருக்கும். நெருப்பு முந்துமா, அலை முந்துமா என்பதுதான் அவள் வாழ்க்கை.

தீவுகளுக்கு முன்னால், ஆழத்தில், ஒரு நீண்ட அகழி. அதுதான் வாசல். பழந்தரை வெகுதொலைவிலிருந்து அங்கே வந்து சேருவான். கடலின் அடித்தரை அவன். குளிர்ந்து கனத்துப்போனவன். நகம் வளரும் வேகத்தில் நடந்து வந்து, அகழியில் குனிந்து, தீவுகளின் காலுக்கடியில் இறங்கிப் போவான். முதுகில் காலங்காலமாகப் படிந்த ஈரச் சேறு இருக்கும்.

கீழே போனதும் சூட்டில் அந்தச் சேறு வியர்க்கும். வியர்வை மேலே ஏறி, அங்கே கனன்று கிடக்கும் பாறையைத் தொடும். அத்தனை சூட்டிலும் இளகாமல் விறைத்துக் கிடந்த பாறை, தண்ணீர் பட்டதும் உருகும். உருகியது ஏறி வந்து தீவாகும். வெண்முடி வந்தது அப்படித்தான். இரட்டைக்கொம்பு வந்ததும் அப்படித்தான். மேலே போனவர்கள் மறந்துவிட்டார்கள். கீழிருந்து வருவதையே நம்பியிருந்த நுரைமேட்டுக்கு மறக்க வசதியில்லை.

ஒருநாள் வெண்முடி வெடித்தான். மூக்கு நுனி பறந்தது. ஒரு பக்கத்துக் காடு முழுக்கச் சரிந்து கடலில் விழுந்தது. பறவைகள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டன. சாம்பல் அடங்கியதும் சபை கூடியது.

"என் வயித்துல யாரோ என்னத்தையோ கலந்திருக்காங்க," என்றான் வெண்முடி.

"வேற என்ன அண்ணே, தண்ணிதான்," என்றான் இரட்டைக்கொம்பு. "நான்தான் பார்த்தேனே, வந்த புகையில முக்கால்வாசி நீராவி. அந்தக் கிழட்டுத் தரை சேத்துக் காலோட நம்ம அடுப்படி வரைக்கும் வர்றான். யார் கேக்குறா?"

"தண்ணி நெருப்பை அணைக்கும். பச்சப்புள்ளைக்குத் தெரியும் இது. நாம நெருப்புல பொறந்தவங்க. நமக்கெதுக்கு ஈரம்? வாசல்லயே அதை மறிச்சுடணும்," என்றான் வெண்முடி.

"அண்ணே, ஈரம் இல்லேன்னா நெருப்பே இல்ல!" என்று கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சபை திரும்பிப் பார்த்தது. வெறும் நுரைதான் தெரிந்தது.

"கீழ எவ்வளவு சூடு இருந்தும் கல்லு கல்லாத்தான் கெடக்கு," என்றாள் நுரைமேடு. "தண்ணி பட்டாத்தான் உருகுது. நான் தினமும் பாக்குறேன். நீங்களும் அதுலதானே வந்தீங்க?"

"தண்ணி ஊத்தி அடுப்பு பத்தவைக்கிறாளாம்!" என்றான் இரட்டைக்கொம்பு. சிரிப்பில் அவன் இரண்டு வாயிலும் புகை புரையேறியது.

வெண்முடி சிரிக்கவில்லை. "சபையில பேசுறவங்க தண்ணிக்கு மேல தலையைக் காட்டிட்டுப் பேசணும். அதுதான் முறை."

"தலையைக் காட்டத்தான் அண்ணே வழி கேக்குறேன். வாசல்ல மறிச்சா நான் எப்படி வெளிய வர்றது?"

"வெளிய வந்துட்டு இதைக் கேளு," என்றான் இரட்டைக்கொம்பு.

தீர்மானம் நிறைவேறியது. பழந்தரை உள்ளே போகலாம். சேறு போகக்கூடாது. அகழி அதை வாசலிலேயே வழித்துவிட வேண்டும்.

அகழி யார் மீதும் கோபப்படாத காவலாளி. அதனாலேயே யாரும் அவனிடம் நியாயம் பெற்றதில்லை. நுரைமேடு நிலநடுக்கத்தின் வழியாக அவனிடம் முறையிட்டாள்.

"அகழி அண்ணே, இது உங்களுக்கே அநியாயமாத் தெரியலையா?"

"தெரியுறதும் தெரியாததும் என் வேலை இல்லம்மா. மேல சொன்னாங்க, நான் வழிக்கிறேன். நாளைக்கு உடாதேன்னா உடமாட்டேன், உடுன்னா உடுவேன்."

பழந்தரை குனிந்தபோது அகழியின் விளிம்பு அவன் முதுகில் கத்தியாக இறங்கியது. சேறு தோலோடு உரிந்து வந்தது.

"என்னை யாரும் புடிச்சுத் தள்ளல, என் கனத்துக்கு நானே எறங்குறேன்," என்றான் பழந்தரை. "அதுக்காக மேல்துணியை அவுத்துட்டு உள்ள போன்னா என்ன அர்த்தம்? இவனுங்க அத்தனை பேரும் பொறந்த ஈரத்தை முதுகுல சுமந்து கொண்டாந்தவன் நான்."

"கொஞ்சம் நில்லுங்க, அதைச் சபையில வந்து சொல்லுங்க!" என்றாள் நுரைமேடு.

"எங்கம்மா நிக்கிறது? முன்னால எறங்குன உடம்பு இழுக்குதே." சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் இருட்டுக்குள் போய்விட்டது.

வழித்த சேறு வாசலில் குவிந்தது. குவியலுக்குள்ளிருந்து சேறு விசும்பினான். "நாங்க என்னக்கா தப்பு பண்ணோம்? கடல்ல செத்து விழுந்த சின்ன உசுரெல்லாம் சேர்ந்துதானே நாங்க. எங்களைத் தொட்டா இவங்க நெருப்பு கெட்டுப்போகுமா?"

நுரைமேட்டின் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு மட்டும் தண்ணீர் தேவைப்படவில்லை. சபை கூடிய போதெல்லாம் அவள் சேற்றுக்காகக் கத்தினாள். சபை சிரித்த போதெல்லாம் மறுபடி கத்தினாள். குவியல் சரியும்போது, "படுத்துடாத தம்பி. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நில்லு, ஓடு மாதிரி அடுக்கிக்கோ," என்று சொல்லிக்கொடுத்தாள். சேறு அப்படியே அடுக்கிக்கொண்டான். அடுக்கு இறுகியது. இறுகியது உயர்ந்தது.

"அக்கா, நான் மட்டும் தலை தூக்கட்டும். சபையில என் முதல் பேச்சே உனக்காகத்தான். வாசலைத் திறக்க வைக்கிறேனா இல்லையா பாரு."

"சீக்கிரம் வா தம்பி," என்றாள் நுரைமேடு. "எனக்கு ரொம்ப நாள் இல்ல."

உண்மைதான். கீழே கொதிப்பு தணிந்துகொண்டிருந்தது. வறண்டு போன பழந்தரையிடமிருந்து வியர்வை வரவில்லை. பாறை மறுபடி விறைத்தது. மேலே இருந்தவர்கள் இதைத் தங்கள் நல்ல நிர்வாகத்தின் பலன் என்று கொண்டாடினார்கள்.

"பாரு, ஒரு உறுமல் இல்ல, ஒரு புகை இல்ல. எவ்வளவு அமைதி!" என்றான் வெண்முடி. அவன் சரிவில் காடு மறுபடி முளைத்தது. காட்டுக்கடியில் மழைநீர் வாய்க்கால் வாய்க்காலாக அவனை அறுத்துக்கொண்டிருந்தது. நெருப்பு இருந்தவரை அறுத்த இடத்தில் புதுப் பாறை வந்து மூடும். இப்போது மூட எதுவும் வரவில்லை. அதைச் சொல்ல அவனிடம் யாருக்கும் துணிவில்லை. சொல்லக்கூடியவளுக்குத் தலை வெளியே இல்லை.

அலை நுரைமேட்டின் உச்சியைச் சீவியது. நேற்றுவரை அங்கே நுரை வெள்ளையாகச் சீறியது. இப்போது அலை இடறாமல் கடந்து போகத் தொடங்கியது.

அப்போதுதான் சேறு தலை தூக்கினான். நெருப்பில்லை, புகையில்லை, வெடியில்லை. எல்லாத் தீவுகளுக்கும் முன்னால், பழுப்பாக, நீளமாக, ஒரு நிலம் கடலைவிட்டு எழுந்து நின்றது. முதலில் அதில் சிப்பிகள் மின்னின. பிறகு புல் வந்தது. பிறகு, வெண்முடியை விட்டுப் போன பறவைகள் வந்தன.

சபைக்குச் சங்கடம். ஆனால் முறை என்று ஒன்றைச் சொன்னது அவர்கள்தானே. தண்ணீருக்கு மேல் தலை தெரிகிறது. இனி அவன் சேறு இல்லை.

"வாங்க முன்தீவாரே," என்றான் வெண்முடி. "முன்னால நின்னு எங்களுக்கு வர்ற அலையையும் நீங்கதான் வாங்குறீங்க. சபைக்கு ஏதாவது சொல்லுங்க."

நுரைமேடு தன்னிடம் மிச்சமிருந்த நடுக்கத்தையெல்லாம் கூட்டிக் குரலாக்கினாள். "தம்பி, இப்பச் சொல்லு. வாசலைத் திறக்கச் சொல்லு. இந்தத் தடவை விட்டா எனக்கு வேற வழி இல்ல."

சேறு கீழே பார்க்கவில்லை. தன் புல்லைப் பார்த்தான். தன் பறவைகளைப் பார்த்தான். தன் காலடியைப் பார்த்தான். அங்கே அகழி வழித்துத் தள்ளும் புதுச் சேறு வந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டால் தன் வளர்ச்சியும் அத்தோடு நின்றுவிடும் என்பது அவனுக்குப் புரிந்தது.

"வாசலைத் திறக்கணும்னு கீழ சில பேர் கேக்குறாங்க," என்று தொடங்கினான். "அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல, நானும் அங்க இருந்தவன்தான். ஆனா சபைக்குன்னு ஒரு ஒழுங்கு வேணும். நான் யார் தயவுலயும் வரல. அடுக்கடுக்கா உழைச்சு வந்தேன். மத்தவங்களும் அப்படி வரட்டும்."

"நல்லாச் சொன்னீங்க!" என்றான் இரட்டைக்கொம்பு. பழக்கதோஷத்தில் புகைவிடப் பார்த்தான். வரவில்லை.

"உழைச்சியா?" என்று கத்தினாள் நுரைமேடு. "உரிச்சுப் போட்டாங்கடா உன்னை! நீ அழுதப்ப நான் கத்தினேன். எனக்கு உள்ள வர வேண்டிய ஈரத்தை வாசல்ல பிடுங்கித்தான் உன்னை உசத்தியிருக்காங்க. எப்படி அடுக்குறதுன்னு உனக்குச் சொன்னது யாரு? இவனுங்க பொறந்த கதையை மறந்தாங்க, போகட்டும். உன்மேல பட்ட கத்தியாவது உனக்கு ஞாபகம் இருக்க வேணாமா?"

ஒரு பெரிய அலை அவள் மேல் ஏறி, இடறாமல், நுரைக்காமல் கடந்து போனது.

"கடைசியில யாரோ பேசின மாதிரி இருந்துச்சே?" என்றான் வெண்முடி.

"அங்க யாரும் இல்ல அண்ணே, வெறும் தண்ணி," என்றான் சேறு.

கீழே, நுரைமேட்டின் நடுவில் ஏறிவந்துகொண்டிருந்த கடைசி உருகல் பாதி வழியில் கல்லானது. சபை கலைந்தது. வாசலில் பழந்தரை அடுத்த சுமையோடு வந்து குனிந்தான். சேறு மெல்ல அகழியின் பக்கம் சாய்ந்து, யார் காதிலும் விழாமல் சொன்னான்:

"அண்ணே, இன்னும் கொஞ்சம் அழுத்தி வழிச்சு எடுங்க."