பாலம் வந்த பேப்பர்

பஜ்ஜி மடிக்கப் பழைய பேப்பர்தான் வாங்குவோம். அதில் எங்கள் ஊர் ரொம்ப முன்னேறியிருக்கும். ஒன்றில், 'பொங்கலுக்குள் ஆற்றுப் பாலம்: சேர்மன் தணிகாசலம் சபதம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை நம்பி நடந்திருந்தால் ஊரே ஆற்றில் விழுந்திருக்கும்.

நான் பார்க்காமல் அதிலேயே சேர்மனுக்குப் பஜ்ஜி மடித்துக் கொடுத்துவிட்டேன்.

"கொழுப்பா? இந்தப் பேப்பர் ஊர்ல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் என் வீட்டுக்கு வரணும். இல்லேன்னா உங்க தள்ளுவண்டியைத் தூக்கிடுவேன்!"

அம்மா அழுதாள். அழுதால் பேப்பர் வருமா? ஆட்டோவில் ஏறி மைக் பிடித்தேன்.

"சேர்மன் பாலம் கட்டுறேன்னு சொன்ன பேப்பரைக் கொண்டு வந்தா பஜ்ஜி இலவசம்! இடம், சேர்மன் வீட்டு வாசல்!"

ஊரே அலமாரித் தட்டில் விரித்த பேப்பரை உருவியது. சாயங்காலம் அவர் வாசலிலிருந்து மார்க்கெட் வரை வரிசை. நின்றவர்கள் சும்மா நிற்காமல் செய்தியைச் சத்தமாக வாசித்தார்கள். அக்கரைக்காரர்கள் ஆற்றில் இறங்கி, ஈர வேட்டியோடு வந்திருந்தார்கள்.

சேர்மன் ஓடி வந்தார். "நிறுத்தும்மா தாயே! உன் வண்டி அங்கேயே நிக்கட்டும்."

"நான் நிறுத்திடுவேன் சார். இவங்கதான் பஜ்ஜி வேண்டாங்கறாங்க. பாலம் எங்கேன்னு கேட்கிறாங்க."