சத்தம் போடாத லேப்டாப்

பொள்ளாச்சி மார்க்கெட் ரோட்டில் ஒரு கயிற்றுக்கடைக்கு மேலே இருந்தது ஹசீனாவின் அறை. தேங்காய்நார் வாசனையோடு படியேறிப் போனால் நீளமான ஒரு மேசை, எட்டு நாற்காலிகள், சுவரோரமாக அடுக்கிய லேப்டாப்புகள். அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து அவர் எழுதிய வரிகளை வைத்துக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்கள் தங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே கயிறு வாங்க வருகிறவர்களுக்கு இது தெரியாது.

நஞ்சப்பனுக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயது, இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ். தாலுகாவில் பாதிப் பள்ளிக்கூடங்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்த கை அது. செல்போனில் வருவதுபோன்ற ஆர்ம் சிப் வைத்த லேப்டாப்புகள் வரத் தொடங்கியதும் அந்தக் கை முதல் தடவையாகத் தடுமாறியது. பென்டிரைவைச் செருகினால் கறுப்புத் திரை. வேறு பென்டிரைவைச் செருகினாலும் அதே கறுப்புத் திரை. கடைசியில் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே கேட்டார்.

"டீச்சர், இந்த மெஷின்ல லினக்ஸ் போடறதுக்கு முதல் வேலை என்னங்க?"

ஹசீனா ஒரு லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினார். கூடவே ஒரு தாளும் பேனாவும்.

"இதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு எழுதுங்ணா."

"அதைத்தான் லினக்ஸே கண்டுபிடிச்சுக்குமே?"

"நீங்க பழகுன மெஷின் வாயாடிங்க. உனக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா எல்லாத்தையும் ஒப்பிச்சுரும். இது வாயத் திறக்காது. எது எங்க இருக்குன்னு யாராச்சும் முன்னாடியே எழுதி வெச்சிருக்கோணும்."

நஞ்சப்பன் எழுதினார். பிராசசர், மெமரி, திரை, கீபோர்டு, டச்பேடு, கேமரா, ஸ்பீக்கர், பேட்டரி... மொத்தம் பதினொரு வரி. ஹசீனா மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சுங்ணா."

என்ன விட்டுப்போனது என்று சொல்லவில்லை. நஞ்சப்பன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுவாரம் அடிமூடியையே கழற்றிப் பார்த்தார். பன்னிரண்டாவது வரி அகப்படவே இல்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மற்ற விஷயங்களை அவர் வேகமாகப் பிடித்துக்கொண்டார். மெஷினில் எது எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரைபடம் எந்த மாடலுக்கு எது, அது இல்லாமல் ஏன் திரை கறுப்பாகவே நிற்கிறது, எல்லாம் புரிந்தது. ஒவ்வொரு மாடலுக்கும் அந்த வரைபடத்தை ஹசீனா எழுதும் விதம் அவரைச் சொக்க வைத்தது. ஒரு வரி எழுதுவார். அணைத்துப் போடுவார். பார்ப்பார். அந்த வரியை அழித்துவிட்டு வேறு வரி எழுதுவார். ஒரு டச்பேடில் திரையின் அம்பு அசைவதற்குப் பதினேழு நாள் ஆனது. பதினெட்டாம் நாள் அது அசைந்தபோது, "ஆங்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பொறுமையை அவர் யாரிடமும் பார்த்ததில்லை.

அதைவிடவும் அவரைக் கவர்ந்தது ஹசீனாவின் சொந்த லேப்டாப். சாம்பல் நிறம், மூலை தேய்ந்த பழைய ஆர்ம் மெஷின். தினமும் அதில்தான் வேலை. வேலை முடிந்தால் அதில் ஒரு மணியோசை வராது, தப்பு நடந்தால் ஒரு முணுமுணுப்பு வராது. மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்தும் அதிலிருந்து ஒரு சத்தத்தை நஞ்சப்பன் கேட்டதில்லை. கைதேர்ந்தவர்கள் வேலை செய்கிற லட்சணம் இதுதான் என்று முடிவு கட்டினார். தன்னுடைய லேப்டாப்பின் சத்தத்தையும் அடைத்து வைத்தார். அவரைப் பார்த்து, ஹசீனாவிடம் கற்றுக்கொண்டிருந்த மற்ற மூன்று பேரும் அடைத்தார்கள். வீட்டில் டிவி சத்தத்தையும் அவர் குறைக்கப் போய், "காது நல்லாத்தானே இருக்குது உங்களுக்கு?" என்று மனைவி கேட்கும்படி ஆனது.

ஒரு வெள்ளிக்கிழமை சுகந்தி வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். உடுமலையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்த வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் வகுப்பு. அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப் கையில் இருந்தது. ஆர்ம் மெஷின். எடை இல்லை, பஸ்ஸிலேயே அலைந்தாலும் நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கும்.

"எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்ற புரோகிராம் லினக்ஸ்லதான் பழக்கமுங்க. காலேஜ்ல படிச்ச காலத்துல இருந்து என் நோட்ஸெல்லாம் அதுலதான் கேட்டுப் படிச்சேன். திங்கக்கிழமைக்குள்ள போட்டுத் தருவீங்களா?"

"தருவோம்" என்றார் ஹசீனா.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பென்டிரைவைச் செருகினார், எடுத்தார். அதில் நார்க்கயிற்றுத் துண்டால் ஓர் அட்டைச் சீட்டைக் கட்டி, அலமாரியில் இருந்த, பிடி வைத்த எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் போட்டார். அந்தப் போசி நிறைய இப்படிச் சீட்டுக் கட்டிய பென்டிரைவ்கள்தான். இன்ஸ்டால் செய்கிற பென்டிரைவ்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் நஞ்சப்பன்.

"ஞாயித்துக்கிழமை உறவுல ஒரு நிக்காஹ். நான் கோயமுத்தூர் போயிருவேன். இந்த மாடலுக்கு வரைபடம் ரெடியா இருக்கு. நீங்க போட்டுக் குடுத்துருங்ணா. சந்தேகம்னா கூப்பிடுங்க."

நஞ்சப்பனுக்கு நெஞ்சு விரிந்தது. முதன்முதலாகத் தனியாக ஒரு மெஷின்!

ஞாயிறு காலை சுகந்தி முன்னால் உட்கார்ந்திருக்க, வேலையைத் தொடங்கினார். முதலில், இருபது வருடமாகச் செய்வதுபோல, உள்ளே இருந்த பழைய சிஸ்டத்தை அடியோடு துடைத்தார். குடிபோகிற வீட்டைக் கழுவிவிட்டுத்தான் பாத்திரம் இறக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். எத்தனையோ வைரஸ் பிடித்த மெஷின்களை அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியிருந்தது.

பிறகு லினக்ஸைப் போட்டார். வரைபடத்தைச் சேர்த்தார். அணைத்துப் போட்டார்.

கறுப்புத் திரை இல்லை. நீல நிறத்தில் கண்ணாடிபோல் ஒளிர்ந்தது திரை. ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறி வந்து நின்றது லினக்ஸ். நஞ்சப்பன் கைகளைத் தட்டிக்கொண்டு லேப்டாப்பைச் சுகந்தியின் பக்கம் திருப்பினார்.

சுகந்தி விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். ஏதோ இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள்.

"இன்னும் ஆன் ஆகலீங்களா?"

"ஆயிருச்சே அம்மிணி. பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சத்தத்தைக் கூட்டினார். ஒன்றும் இல்லை. அமைப்புகளைத் திறந்தார். ஸ்பீக்கர் என்று ஒன்று இருப்பதே அந்த மெஷினுக்குத் தெரியவில்லை. போனில் தேடினார். இந்த லேப்டாப்பில் ஸ்பீக்கரை எழுப்புவதற்கென்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. தயாரித்தவர்கள் அதை வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை. பழைய சிஸ்டத்துக்குள்தான் வைத்து அனுப்புகிறார்கள். லினக்ஸ் போடுவதற்கு முன்னால் அங்கிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் அவர் கழுவிவிட்ட வீட்டுக்குள் அதுவும் இருந்தது.

"என்னங்ணா ஆச்சு?" என்றாள் சுகந்தி.

"ஸ்பீக்கர்ல என்னமோ கோளாறு போலிருக்குது அம்மிணி. வரும்போதே இருந்திருக்கும்."

சுகந்தி லேப்டாப்பின் விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"காலைல நீங்க ஆன் பண்ணப்போ டிங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சுங்களே, ண்ணா."

நஞ்சப்பனுக்கு முகம் எரிந்தது. அவள் பார்க்கவில்லை என்பதுகூட ஆறுதலாக இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்லிட்டேன் அம்மிணி. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குது. நான்தான் அதைப் பேச வெக்கறதைத் தொடச்சு எறிஞ்சுட்டேன்."

"திங்கக்கிழமைக்குள்ள வருமுங்களா?"

"தெரியலீங்க."

அவள் கைப்பையைத் திறந்து நோட்ஸ் இருந்த மெமரி கார்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது நஞ்சப்பனுக்கு.

ஹசீனாவைக் கூப்பிட்டார். ஒன்று விடாமல் சொன்னார். பின்னால் கல்யாண வீட்டு இரைச்சல் கேட்டது.

"மூணு மணிக்கு வந்துருவேங்ணா" என்றார் ஹசீனா. "அந்தத் தாள் பையில இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"நான் வர்றதுக்குள்ள பன்னெண்டாவது வரிய எழுதி வையுங்க."

நஞ்சப்பன் தாளைப் பிரித்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. பதினொரு வரிக்குக் கீழே நிதானமாக எழுதினார்: 'நான் வருவதற்கு முன்னால் இருந்த சிஸ்டம்.'

மூன்று மணிக்கு ஹசீனா வந்தார். மல்லிகைப்பூவும் பட்டுச் சேலையுமாக நின்றபடியே தாளை வாங்கிப் படித்தார். அலமாரியைத் திறந்து தூக்குப்போசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைச் சீட்டு. தேடி எடுங்ணா."

நஞ்சப்பன் போசியை மேசைமேல் கவிழ்த்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர், ஒரு தேதி. அந்த அறைக்கு வந்த எல்லா லேப்டாப்பும் அதில் இருந்தது. யாரும் கைவைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் இருந்ததை எடுத்து, நார் கட்டி, பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார் இந்தப் பெண். மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த அந்த அரைமணி நேரம் இதற்குத்தான். அங்கேயே கும்பிட்டு விழலாம்போல் இருந்தது அவருக்கு.

'சுகந்தி' என்று எழுதிய சீட்டு குவியலின் அடியில் கிடைத்தது.

"நீங்களே போடுங்ணா" என்றார் ஹசீனா.

நஞ்சப்பன் அந்தச் சின்ன ஃபைலை அதற்கான இடத்தில் வைத்தார். அணைத்துப் போட்டார். சுகந்தி தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஹசீனா மூச்சுவிடாமல் நின்றார்.

"கடவுச்சொல்லை உள்ளிடவும்" என்றது லேப்டாப். தகரத்தில் தட்டியதுபோல ஒரு குரல். அந்த அறையில் பல மாதங்களாக ஒரு லேப்டாப்பும் பேசியதில்லை.

சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். மெமரி கார்டைச் செருகினாள். விரல்கள் ஓடின. அந்தத் தகரக் குரல் முதல் பாடத்தைப் படிக்கத் தொடங்கியது. அரை வரி படித்தாலே அவளுக்குப் போதும், அடுத்ததற்குத் தாவினாள். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினாள். படியிறங்கும் வரைக்கும் அவள் பையிலிருந்து அது பேசிக்கொண்டே போனது.

நஞ்சப்பன் மேசையில் கிடந்த பென்டிரைவ்களை ஒவ்வொன்றாகப் போசிக்குள் போட்டார்.

"டீச்சர்."

"சொல்லுங்ணா."

"நான் தொடச்சுருவேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

ஹசீனா தன்னுடைய சாம்பல் நிற லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். ஒரு பாட்டை ஓடவிட்டார். சத்தத்தைக் கடைசிவரை கூட்டினார்.

திரையில் பாட்டு ஓடுவதைக் காட்டும் கோடு மெல்ல நகர்ந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒன்றும் வரவில்லை. கீழே கயிற்றுக்கடையில் யாரோ விலை கேட்பதுதான் கேட்டது.

"என்னோட மொத மெஷின் இது. அந்த ஃபைலுக்காக இதே மாடல் வெச்சிருக்கற ஆளு யாராச்சும் கிடைக்குமான்னு நாலு வருசமாத் தேடறேனுங்ணா" என்றார் ஹசீனா. "நல்லாத் தொடச்சுட்டுத்தான் போட்டேன்."

நஞ்சப்பன் அந்தக் கோடு பாட்டின் முடிவுக்குப் போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.