உம் கொட்ட ஓர் ஆள்

ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் கதை சொல்லக் கற்றுக்கொடுக்கும் அண்ணாவி ஒருவர் இருந்தார். பெயர் பூதலிங்கம். வாயைத் திறந்தால் கதை, மூடினால் முறுக்கு. அவரிடம் படித்தவர்களுக்குப் பட்டம், பொன்னாடை எதுவும் கிடையாது. சீடர் கதை சொல்லும்போது அண்ணாவி ஒரே ஒரு தடவை "உம்" கொட்டிவிட்டால் போதும், அந்தச் சீடர் கதைக்காரர். அந்த ஓர் உம்முக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு.

பகவதி அவரைவிட வயதில் மூத்தவள். அவள் வந்தது பெயர் வாங்க அல்ல. நாற்பது வயதில் சுயம்புவுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டிருந்தாள். இறந்துபோன முதல் மனைவியின் மகள் செண்பகத்துக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளை இவளிடம் வாய் திறந்ததே இல்லை. சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்தும், தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்க்கும், அவ்வளவுதான். கதை சொன்னால் பிள்ளை ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவைக்க, மண்டபத்துக்கு ஓடி வந்தாள்.

படிப்பில் சூட்டிகைதான். கதைக்கு ஐந்து வேண்டும் என்று அண்ணாவி சொன்னதை விரல் மடக்கி ஒப்பிப்பாள். யாருக்கு நடக்கிறது, எங்கே நடக்கிறது, என்ன நடக்கிறது, குறுக்கே எது வந்து நிற்கிறது, யார் கண்ணால் பார்க்கிறோம். குழம்புக்கு உப்பு புளி பார்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்துப் போடுவாள். ஆனால் ஒரு விஷயத்தில் கள்ளி. ஒருவர் கதை சொன்னால் இன்னொருவர் எதிரே உட்கார்ந்து உம் கொட்ட வேண்டும், அது மண்டபத்து முறை. தன் முறை வந்தால் பகவதி நைசாக நழுவிவிடுவாள்.

"நீங்க கொட்டுங்க மதினி, நான் சீக்கிரம் கத்துக்கணும்" என்று பக்கத்தில் இருப்பவர் தலையில் கட்டிவிடுவாள். அண்ணாவி பார்த்தும் பார்க்காததுபோல முறுக்கு கடிப்பார்.

ஒரு நாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா, ஆத்துல தண்ணி பத்தலையா?" என்றார் அண்ணாவி.

"கேலி பண்ணாதீங்க. நேத்து மயில் கதை சொன்னேன். அஞ்சும் இருந்துச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா."

"உம்முன்னு ஒரு வார்த்தை?"

"அதைச் சொன்னாத்தான் என் சென்மம் விடிஞ்சிருமே. பிள்ளை உங்ககிட்ட ஒட்டல, வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னு அவ தாய்மாமன் சொல்லி விட்டிருக்காரு. போனா வரமாட்டா, அண்ணாவி."

"போனா உங்களுக்கு வேலை மிச்சம்தான?"

"எனக்கு அவ வேணும்" என்றாள் பகவதி. சொல்லிவிட்டு அழுதாள்.

அண்ணாவி தூணில் சாய்ந்துகொண்டார்.

"அந்த மயில் கதையை எனக்குச் சொல்லுங்க."

சொன்னாள். அண்ணாவி தலையை அசைக்கவில்லை. முறுக்குகூடக் கடிக்கவில்லை. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். மயில் காட்டைத் தாண்டுவதற்குள் பகவதிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீங்க உம் கொட்டலையே. தூணுகிட்டச் சொல்ற மாதிரி இருக்கு."

"அஞ்சும் இருக்கேக்கா. தூணுகிட்டச் சொன்னா என்ன?"

பகவதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வயிறு எரியுது, உங்களுக்கு விளையாட்டா?"

"சரி, நான் ஒண்ணு சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு சின்னப் பிள்ளை. அவ அம்மா தினமும் அவளுக்கு ஒரு கதை சொல்லுவா. ஒரு நாள் அம்மா செத்துப் போயிட்டா."

"உம்" என்றாள் பகவதி, தன்னை அறியாமல்.

அண்ணாவி ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார்.

"அப்புறம்?"

"எனக்குத் தெரியாது."

"அம்மா சொன்னாளே, அது என்ன கதை?"

"என்னைக் கேட்டா? பிள்ளை உங்க வீட்லதான இருக்கா."

பகவதி எழுந்தாள். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். விட்டுப்போன செருப்பை அண்ணாவி எடுத்துத் தூணோரமாக வைத்தார்.

அதன் பிறகு ஆளையே காணோம். வெள்ளி கழிந்து சனிக்கிழமை காலையில்தான் வந்தாள். பாய் விரிக்கவில்லை, விரல் மடக்கவில்லை, நின்றபடியே ஆரம்பித்தாள்.

"கூத்தைக் கேளுங்க, அண்ணாவி. கொல்லையில உக்காந்து புளி தட்டிட்டிருந்தேன். அவ எட்டக்க இருந்து கொட்டை பொறுக்கிட்டிருந்தா. 'உங்கம்மா என்ன கதை சொல்லுவா?'ன்னு கேட்டேன். பதில் இல்ல. நான் பாட்டுக்குத் தட்டினேன். ரொம்ப நேரங்கழிச்சு, 'நரி'ன்னா. 'உம்'னேன்."

அண்ணாவி முறுக்கைக் கடித்தபடி கேட்டார்.

"அதையும் ஒரு கதைன்னு சொன்னா! நரி பாதியில கோழியாயிட்டு. காடுமில்ல, ஊருமில்ல. கிணத்துல விழுந்தது யாருன்னே தெரியல. திருத்திச் சொல்லிரலாமான்னு எனக்கு வாய் துறுதுறுங்குது. அடக்கிக்கிட்டு உம், உம்முன்னு கொட்டினேன். கொட்டக் கொட்ட, அவ நகந்து நகந்து புளிக் கூடைக்கு இந்தப் பக்கம் வந்துட்டா. கோழி அம்மாவைத் தேடிக் கிணத்தை எட்டிப் பாக்குது. நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சேன். உம் வரல. அவ புளிக் கையாலேயே என் தாடையைப் பிடிச்சுத் திருப்பி, 'உம் சொல்லு'ன்னா."

மற்ற சீடர்கள் தங்கள் கதைகளைப் பாதியில் விட்டுவிட்டு இவளைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். பகவதி அதைக் கவனிக்கவே இல்லை.

"தினமும் கொஞ்சம் சொல்லுவா. மறுநாள் கோழி ஆடாயிரும். நேத்து மாமன் வந்துட்டாரு. துணிமணி எல்லாம் மூட்டை கட்டியாச்சு. நான் வாசல் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். 'வண்டியில ஏறு பிள்ளை'ங்காரு. அவ ஏறல. என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. 'நான் வரல மாமா, சித்திக்குக் கதை இன்னும் முடியல'ங்கா."

பகவதி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

அண்ணாவி முறுக்குத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"உம்" என்றார்.