இரண்டு ரூபாய்ப் பாலம்

ரோலர் சாமியிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போவது நல்லது. பதில் பத்து நிமிஷத்தில் வந்தாலும் வரும், பொழுது சாய்ந்து வந்தாலும் வரும். சாமி ஒரு காலத்தில் இருபது வருஷம் ரோடு ரோலர் ஓட்டியவர். சாமியாரான பிறகும் அந்த வண்டியின் வேகம்தான்.

இடைத்துறை பேரூராட்சித் தலைவர் பூதலிங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும். சாமியைவிட அவருக்குப் பன்னிரண்டு வயது கூடுதல். ஆனாலும் ஊரில் அவர் குனிந்து கும்பிடுகிற ஒரே ஆள் சாமிதான். அன்றைக்குக் காலையில் தட்டில் நாலு இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றுகூட இறங்கவில்லை, பாவம். அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சாமி இருப்பது ஆற்றங்கரையில், பாலத்தின் மேற்கு முனையில் உள்ள பழைய பம்பு ரூமில். பூதலிங்கம் காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சாமி, பாலம் போயிரும் போல இருக்கு."

சாமி ஸ்டவ்வில் டீ வைத்துக்கொண்டிருந்தார். 

இடைத்துறைப் பாலம் என்றால் சும்மா இல்லை. தூணுக்குத் தூண் வளைவாக இருபத்தொரு கண். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. காலண்டரில் படம் வரும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வடக்கே புதுப் பாலம் வந்த பிறகு வண்டிகளெல்லாம் அங்கே போய்விட்டன. பழைய பாலத்தில் இப்போது நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான்.

பூதலிங்கத்துக்கு அந்தப் பாலத்தின்மேல் உயிர். இருக்காதா பின்னே? அவருடைய அம்மா வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பதினோராம் கண்ணுக்கு மேலேயே அவரைப் பெற்றுவிட்டாள். ஊர் அவரைப் பாலத்துப் பிள்ளை என்றுதான் சொல்லும். பிறந்த அன்றைக்கு அதன்மேல் கிடந்ததோடு சரி. பிறகு வெளியூரில் ஹாஸ்டல், கான்ட்ராக்ட் தொழில், திரும்பி வந்தபோது கார். அதையும் ஊர் சொல்லும், அவர் காதில் விழாமல்.

போன வருஷம் பாலத்தில் பூச்சு உதிர ஆரம்பித்தது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், பணம் வரவில்லை. மறுபடியும் எழுதினார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நடந்து போனால் இரண்டு ரூபாய், சைக்கிளுக்கு மூன்று. இரண்டு முனையிலும் தகரக் கூண்டு போட்டு டிக்கெட் கொடுக்க ஆள் வைத்தார். சண்டை வரும் என்று பயந்தார். வரவில்லை. சனங்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். வந்த பணத்தில் பூச்சு வேலையும் ஒழுங்காக நடந்தது.

"நேத்து இன்ஜினீயர் வந்து பார்த்தாரு சாமி. கைப்பிடிச் சுவர், தூண், எங்க பார்த்தாலும் அரசும் ஆலுமா முளைச்சுக் கிடக்காம். வேர் உள்ள போயிட்டுதாம். வர்ற மழைக்குள்ள எடுக்கலேன்னா பாலத்தை மூடச் சொல்லி எழுதிருவேன்னுட்டாரு. மூடினா அப்புறம் இடிக்கத்தான்."

"ஆள் விட்டு எடுக்கலாமே."

"விட்டேனே. நாலு பேரைக் கூலிக்கு விட்டேன். அரிவாளால வெட்டிட்டுப் போயிட்டாங்க. வெட்டின இடத்துல ஒண்ணுக்கு மூணா தழைச்சு நிக்கு."

சாமி டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார். பூதலிங்கம் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"இத்தனை வருஷமா இந்தப் பாலத்துல ஒரு செடி கிடையாது சாமி. டிக்கெட் போட்ட வருஷத்துல மட்டும் எங்கேயிருந்து வந்துது? ராத்திரி தூக்கம் இல்லை. நடந்து போறவன்கிட்ட காசு வாங்கினேனே, அந்தப் பாவந்தான் முளைச்சிருக்கா?"

"பாவத்துக்கு இலை விடாது. டீயைக் குடிங்க, போய்ப் பார்ப்போம்."

கூண்டுக்குள் இருந்தவன் தலைவரைப் பார்த்ததும் பதறி எழுந்தான். சாமி பலகையில் இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்து டிக்கெட் வாங்கிக்கொண்டார். பிறகு பூதலிங்கத்தைப் பார்த்தார். பூதலிங்கம் சட்டைப் பையைத் தடவினார். அவரே போட்ட டிக்கெட்டை அவரே வாங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

எட்டாவது கண் வரைக்கும் நடந்தார்கள்.  இன்ஜினீயர் சொன்னது கொஞ்சம்தான். ஓர் இடத்தில் முழங்கை உயரத்துக்கு அரசங்கன்று. பக்கத்தில் செங்கல் விரல் நுழைகிற அளவுக்கு விலகியிருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாமி ஓரக்கல்லில் உட்கார்ந்தார். "உட்காருங்க தலைவரே."

"பதினொரு மணிக்குக் கூட்டம் இருக்கு சாமி."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். காக்கை ஒன்று வந்து சுவரில் எச்சமிட்டுவிட்டுப் பறந்தது.

"விதை வந்தாச்சு" என்றார் சாமி.

"காக்கா முன்னாடியும் வந்துதுதானே?"

"வந்துது."

சாமி சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சனங்கள் போனார்கள், வந்தார்கள். சைக்கிள்கள் போயின. பதினொரு மணி ஆகி, பன்னிரண்டும் ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. பூதலிங்கம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, இந்த மனுஷனிடம் வந்ததற்குப் பதில் இன்ஜினீயரின் காலிலேயே விழுந்திருக்கலாம் என்று நினைத்தார்.

அப்போதுதான் பேச்சியம்மாள் வந்தாள். மேலத் தெருவில் பீடி சுற்றுகிறவள். சுற்றிக் கட்டிய பீடியைத் தட்டில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கரையில் உள்ள பீடிக் கடைக்குத் தினமும் போகிறவள். சுவரோரமாக வந்தவளின் வலது கை ஓர் இடத்தில் தானாக நீண்டது. செங்கல் இடுக்கில் இரண்டே இலையோடு ஒரு முளை. கை அதன் பக்கத்தில் போய், தொடாமல் திரும்பிவிட்டது.

"பேச்சி, இங்க வாம்மா" என்றார் சாமி. "கையை நீட்டினியே, ஏன் இழுத்துக்கிட்ட?"

அவள் தலைவரைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"சும்மா சொல்லு."

"ஒண்ணும் இல்ல சாமி, பழக்கதோசம். முன்னாடில்லாம் போற வழியில செடியைக் கண்டா கிள்ளிருவோம். ரெண்டு இலையா இருக்கையிலே வேரோட சுளுவா வந்துரும். ஆத்துல போட்டுட்டுப் போயிட்டே இருப்போம்."

"நீ மட்டுமா?" என்று கேட்டது பூதலிங்கம்.

"எல்லாருந்தான் தலைவரே. சைக்கிள்காரங்க இந்த மேட்டுல இறங்கித் தள்ளிட்டு வருவாங்கல்லா, அவங்களும் பிடுங்குவாங்க. பெருசா வளர விட்டாத்தானே கஷ்டம்."

"யாரு சொல்லிச் செஞ்சீங்க?"

"இதை யாரு சொல்லணும்? நம்ம பாலம்லா."

பூதலிங்கம் அந்த முளையைக் காட்டினார். "இப்ப ஏம்மா பிடுங்கலை?"

"இப்பத்தான் ரெண்டு ரூவா குடுக்கோமே. அதுக்குன்னு ஆளு வச்சிருப்பீங்கன்னு போயிருதோம்." அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க. குடுக்கதுல எங்களுக்கு வருத்தம் கிடையாது. நல்ல காரியத்துக்குத்தானே வாங்குதீங்க."

கடையில் பீடியை ஒப்படைக்க நேரமாகிவிடும் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

பூதலிங்கம் தலையில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த மனுஷன் ஒரு பைசா திருடவில்லை. ஊரை ஏமாற்றவும் இல்லை. பாலத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தார். 

"சாமி, நீங்க தினம் இதுலதானே நடக்கீங்க. இவ்வளவும் வளர்ந்ததைப் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க. நீங்களாவது பிடுங்கியிருக்கலாம்."

சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"முன்னாடி நானும் பிடுங்கினவன்தான். இப்ப நானும் டிக்கெட் வாங்குதேனே தலைவரே. நிறுத்தினதுகூட எனக்குத் தெரியலை. அவ கையை இழுத்தப்பத்தான் என் கை ஞாபகம் வந்துது."

சாமிக்கே இந்தக் கதி என்றால் ஊரைச் சொல்லி என்ன செய்ய? பூதலிங்கம் எழுந்து நின்றார். வேட்டியை உதறிக் கட்டினார். ஒரு முடிவுக்கு வந்த ஆளைப் போல இருந்தது அவர் நின்ற விதம்.

"நாளைக்கே கூண்டைத் தூக்கிருதேன் சாமி. ஆட்டோவுல மைக் கட்டித் தெருத்தெருவாச் சொல்லச் சொல்லுதேன். இனிமே டிக்கெட் கிடையாது, எல்லாரும் பழையபடி செடியைப் பிடுங்குங்கன்னு."

"முன்னாடி மைக் கட்டியா சொன்னாங்க?"

பூதலிங்கம் மறுபடியும் ஓரக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பின்ன நான் என்னதான் செய்யட்டும்? மழைக்கு இன்னும் மூணு மாசந்தான் இருக்கு. இவ்வளவு செடி நிக்கு."

"உங்க ஆபீசு அக்கரையிலதானே?"

"ஆமா. புதுப் பாலம் வழியா கார்ல போயிருவேன்."

"வீடு?"

"இக்கரையிலதான். உங்களுக்குத் தெரியாதா?"

சாமி ஓரக்கல்லிலிருந்து மெல்ல எழுந்தார். பேச்சியம்மாள் தொடாமல் விட்டுப்போன முளையைப் பார்த்தார். அவரும் அதைத் தொடவில்லை.

"நாளையிலேருந்து நடந்து போங்க தலைவரே. கை சும்மாதானே இருக்கும்."