ஆறாம் படி

இருதயராஜை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது வடசேரி பேருந்து நிலையத்தில். பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் உதவியாளராக இருந்தவர். பழுதான ஹார்டு டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்கும் வழியை, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் ஒன்பது படிகளாக எழுதித் தந்தார்.

"ஆறாவதுல மட்டும் கவனம், அண்ணாச்சி."

ஐப்பசியில் இறந்துபோனார்.

மெகருன்னிசாவிடம்தான் நான் கையேடு எழுதக் கற்றேன். என் வயதில் பாதி. இணையத்தில் யாரும் எழுதிச் சேர்க்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் கையேட்டைப் பொறுப்பாகப் பார்த்து வந்தவள்.

ஒன்பது படிகளையும் அவளிடம் கொடுத்தபோது கேட்டேன். "எல்லாருக்கும் பொதுவான மென்பொருள். இதில் யார் சொன்னது என்று எதற்கு எழுதணும்?"

"யார் சொன்னது?"

"நானே கண்டுபிடிச்சது."

நான் எட்டாவதோடு நின்றவன். அத்தியாயத்தின் தலையில் என் பெயர் மட்டும் இருந்தது. இருதயராஜின் வாசகம் தெரியாதபடி எல்லாப் படிகளையும் மாற்றி எழுதியிருந்தேன். பத்திரிகையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

தை மாதம் கையேட்டின் உதவிப் பக்கத்தில் ஒரு பெண் எழுதினாள். தாலாட்டும் ஒப்பாரியும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவள்.

'ஆறாம் படியில் காத்திருக்கச் சொல்கிறது. காத்திருக்கிறேன். டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம். வேறு பிரதி இல்லை. பாடியவர்களில் பலர் இப்போது இல்லை. என்ன செய்ய?'

மெகருன்னிசா விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

"உங்க படிதானே, ஐயா. எழுதுங்க."

நான் எழுதவில்லை.

'சத்தம் கூடுகிறது.'

"எதுக்குக் காத்திருக்கணும்?" என்று மெகருன்னிசா கேட்டாள்.

"ஞாபகம் இல்லை."

"கண்டுபிடிச்சவருக்கே ஞாபகம் இல்லையா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

'இருக்கிறீர்களா?'

"இருதயராஜ் சொன்னது," என்றேன்.

"அவர் போன் நம்பர்?"

அவர் மனைவி ஜெசிந்தா எடுத்தாள். அவர் எழுதி வைத்திருந்த நோட்டைத் தேடி வரச் சற்று நேரமானது. ஸ்பீக்கரில் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ஆறு. சத்தம் வந்தா உடனே அணைச்சிரு. ஒரு மணி நேரம் ஆறட்டும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கு."

மெகருன்னிசா அதை அப்படியே தட்டி அனுப்பினாள்.

"அவுக சொன்னதுன்னு யாருக்குத் தெரியும், அண்ணாச்சி?" என்று ஜெசிந்தா கேட்டாள். "இங்க ஒருத்தரும் கேட்டு வரலையே."

நான் போனை வைத்தேன்.

"இப்போது அவர் பெயரைப் போடலாமா?" என்று மெகருன்னிசாவிடம் கேட்டேன்.



மூன்றாம் நாள் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. மெகருன்னிசா திரையை என் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு பாட்டுக்கு எதிரிலும் பாடியவரின் பெயர், ஊர். மீளாத பாட்டுகளுக்கும் பாடியவர் பெயரை அந்தப் பெண் அழிக்காமல் வைத்திருந்தாள்.

எண்ணிப் பார்த்தேன்.

பெயர்கள் ஐம்பத்தெட்டு. மீண்ட பாட்டுகள் நாற்பத்தொன்று.