கலங்கிய தொட்டி

அன்று அரண்மனைப் பின்கட்டில் இருந்தவர்கள் நால்வர்: ஜமீன்தார் சிவசுப்பு, அவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் திவான் கோதண்டம், காவலன் ஒச்சன், தண்ணீர் சுமக்கும் சடைச்சி.

ஜமீன்தார் கழற்றி வைத்திருந்த முத்திரை மோதிரத்தைச் சடைச்சி எடுத்து, ஆளுயரக் கல்தொட்டிக்குள் தவறவிட்டதைக் கண்ணால் கண்டதாகத் திவான் சொல்லியிருந்தார். பொழுது சாய்வதற்குள் அது கிடைக்காவிட்டால் அவள் விரல்கள் போய்விடும். திவான் ஏவியபடி ஒச்சன் காலையிலிருந்து கழியால் துழாவிக்கொண்டே இருந்தான்; கலங்கிய நீரில் அடி தெரியவில்லை. வெயில் மதிலேறிவிட்டது.

"எசமான், ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள்," என்றார் திவான் சாவகாசமாக. "அப்ஸ்கியூர் என்றால் மங்கச் செய்வது, மழையும் பனியும்கூட அதைச் செய்யும். அப்ஃபஸ்கேட் என்றால், தெரியக்கூடாதென்றே ஒருவன் குழப்பிவிடுவது. ஏ கழுதை, நீ செய்தது எது?"

"மகாராசா, ஆத்துல புதுவெள்ளம் கலங்கி வந்தது முதல் சொல்லுங்க," என்றாள் சடைச்சி. "அதைத் தெளியவிடாம நாளெல்லாம் துழாவச் சொல்றது ரெண்டாவதுங்க. கழியை எடுக்கச் சொல்லுங்க."

ஜமீன்தார் கையசைத்தார். ஒச்சன் கழியை வைத்துவிட்டு வாளை எடுத்தான். சடைச்சி, கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தண்ணீரில் கரைத்துவிட்டுக் காத்திருந்தாள். மதில்மேல் வெயில் ஒரு கீற்றாய்ச் சுருங்கியபோது நீர் தெளிந்தது. தொட்டியின் அடியில் கல்தளம் மட்டுமே இருந்தது.

"விழுந்ததைக் கண்ணால் கண்டீர், அல்லவா?" என்று ஜமீன்தார் திவானிடம் கையை நீட்டினார்.

திவானின் விரல்கள் மடியை அவிழ்த்தன. மோதிரத்தை வாங்கிக்கொண்ட ஜமீன்தார், சடைச்சியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.